பதினோராம் இலக்கப் பாத்தி

சீனிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு,
தலவாக்கலை.
16.04.2025

அன்புள்ள மீனம்மாவுக்கு,

நல்லமுத்து எழுதிக்கொள்வது. நானும் மகளும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பிரேமினிக்குப் பங்குனியில் பிடித்த சளித் தடிமல் விட்டுவிட்டது. நீயும் அங்கே வெயிலைத் தாங்கிக்கொண்டு தெம்பாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முந்தாநாள் வருடப்பிறப்புக்குப் போனில் பேசியவன் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. அதுதான் தொல்லை. நீ சிரித்துக்கொண்டிருக்கும்போது என் வாயிலிருந்து வரவேண்டியது வருவதில்லை. கீழ் லயத்துப் பூரணி வருகிற ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்கு ஏறுகிறாள். நீ இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவளுக்கு வேலையாம். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

பிரேமினி வருடப்பிறப்புக்கு முறுக்குச் சுட்டாள். கொஞ்சம் கருகிவிட்டது. "அம்மா இருந்தா எண்ணெ காயிறத வாசத்துலயே சொல்லும்" என்றாள். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிறகு இலையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் என்னைப் பார்த்து, "அப்பா, அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லவா?" என்று கேட்டாள். பதினேழு வயதுப் பெண். பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கே அவள் தவணை வைக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் உன் வீட்டு மேடத்துக்கு நீ முடிவு சொல்ல வேண்டும். "அத்திவாரம் போட்டாச்சுன்னா வந்துர்றேங்க. இல்லன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டே வர்றேன்" என்று தைப்பொங்கல் அன்று சொன்னாய். மாசியில் ஒரு நாள் நான் வேலை செய்யும் இடத்திலேயே நீ போன் எடுத்தாய். எனக்குப் பின்னால் மண்ணில் நீளப் பள்ளமாக வெட்டியிருந்த கானைப் பார்த்துவிட்டு, "அது நம்ம எடந்தானே? அத்திவாரக் கான் வெட்டியாச்சா?" என்று கேட்டாய். நான் "ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்தான், மீனம்மா. அது நம்முடைய இடம் என்பது உண்மை. கான் வெட்டியது உண்மை. அத்திவாரம் மட்டும் பொய். அது பூப்பாத்தி.

இனி நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னது போல, முதலில் முதலாவது.

பங்களாவுக்குக் கீழே பழைய தேயிலை நாற்று மேடை இருந்த சமதரையைப் போன ஆவணியில் அரசாங்கத்து ஆட்கள் வந்து அளந்தது உனக்குத் தெரியும். நம் லயத்து வரிசைக் காம்பிராக்களில் இருபது குடும்பம், வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம். டேப்பின் ஒரு நுனியை நான்தான் பிடித்தேன், சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்தவன் என்பதால். வரைபடத்தைப் பிரேமினியின் பழைய கொப்பியில் பார்த்து வரைந்துகொண்டேன். நமக்குப் பதினோராம் இலக்கம். தலையில் சிவப்பு மை பூசிய முளைக்கட்டைகள், மூலைக்கு ஒன்று. நான்கு மாதம் அவை அங்கே நின்றன. பின்னேரங்களில் ஆட்கள் போய்த் தங்கள் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வருவார்கள். நானும் போனேன். குசினியை எந்தப் பக்கம் வைப்பது என்று நீ போனில் சொல்லச் சொல்ல எட்டு வைத்து நடந்து அளந்தேன்.

மார்கழியில் தோட்டத்துப் பெரிய துரை தன் பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார், வெள்ளைக்காரர் வந்து தங்குவதற்கு. துரை இப்போது தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்துச் சின்னப் பங்களாவில் இருக்கிறார். ஏப்ரல் சீசனுக்குப் பூத்தோட்டப் போட்டி நடக்கும். கம்பெனி அதில் சேர வேண்டும். பங்களா வாசலில் இருக்கிற புல்தரை போதாது. கீழே சமமாக ஒரு ஏக்கர் சும்மாதானே கிடக்கிறது!

யோகேஸ்வரனிடம் போனோம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, என் கணக்கைப் பார்த்து எழுதிப் பாஸானவன், இப்போது தொழிலாளர் சங்கத்துத் தலைவர். "எடம் எங்கயும் ஓடிப் போகாது மாஸ்டர். இது போனா மேல பத்தாம் நம்பர் மலையில தாரோம்" என்றான். பத்தாம் நம்பர் மலையில் ஆடு நின்றால்கூடக் காலை ஊன்றி நிற்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மண் சரிந்த இடம் அது. ஒன்பது வருடம் சம்பளமில்லாமல் தொண்டர் ஆசிரியராக நான் படிப்பித்துவிட்டு, நியமனம் வருகிற நேரத்தில் என் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதும் இவன் கையால்தான். அப்போதும் இதே குரலில்தான், "வேல எங்கயும் ஓடிப் போகாது" என்றான். அவன் சொல்வது சரி. எதுவும் ஓடிப் போவதில்லை. அவனுடைய சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் நடந்து போகிறது.

தை மாதம் ஒன்பதாம் திகதி காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பழனியாண்டி என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். "மாஸ்டர், ஒங்களுக்குப் பூ வேல. எட்டு ஆள் தாரேன். மொத வேல அந்தக் கட்டைகளப் புடுங்குறது."

முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். பழனியாண்டி கெட்டவர் இல்லை. பேரேட்டை மூடிவிட்டு, மெதுவாக, "பேர் வெட்டிட்டா காம்பிராவையும் கேப்பாங்க, பாத்துக்கங்க" என்றார். நீ குவைத்துக்குப் போன மாதம் உன் பெயரை வெட்டினார்கள். வீட்டில் ஒரு பெயராவது தோட்டப் பேரேட்டில் இருந்தால்தான் குடியிருக்கும் காம்பிரா நம்முடையது என்று என் பெயரைப் பதிந்தேன். பட்டப்படிப்புக்கு ஒரே ஒரு பாடம் குறைந்துபோனவன், நாற்பத்தைந்து வயதில், கையில் முள்ளு மண்வெட்டியோடு பெரட்டுக்கு நின்றேன். நான்கு வருடமாக இதை உன்மேல் ஒரு குறையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். போகாதே என்று நான் சொன்னபோது, "ஒங்க படிப்ப ஒலையில போட்டா வெந்துருமா?" என்று கேட்டாய். அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மறக்கத் தெரியாததுதான் என் வியாதி.

கட்டைகளை நானே பிடுங்கினேன். மற்ற எட்டுப் பேரையும் தொடவிடவில்லை. அது பெருந்தன்மை இல்லை. யார் பிடுங்கினார்கள் என்று நாளைக்குப் பேச்சு வந்தால் எட்டுப் பேரைத் திட்டுவதைவிட ஒருவனைத் திட்டுவது லயத்துக்குச் சுலபம். பங்களா அடுப்புக்கு எரிக்கக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பதினோராம் இலக்கத்தில் ஒரு கட்டையை மட்டும் இடுப்புச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு வந்து அடுப்படிக் கூரையில் செருகியிருக்கிறேன்.

அன்றையிலிருந்து லயத்தில் எனக்குப் பெயர் 'பூ மாஸ்டர்'. பக்கத்துக் காம்பிரா ராசம்மாக்காவை உனக்குத் தெரியுமே. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பத்துப் பேர் நிற்கும்போது, "என்னா பூ மாஸ்டரு, எங்க வூட்டுக் குசினியில என்னா பூ போட்டிருக்கீங்க? வாசமா இருக்கணும் பாத்துக்கங்க, அங்கதான் நான் கருவாடு பொரிக்கிறது" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராசம்மாக்காவின் குசினி எந்த இடம் என்று எனக்குத் தெரியும். எட்டாம் இலக்கம், தண்ணீர்க்குழாய்ப் பக்கத்து மூலை. இருபது பேருடையதும் எனக்குத் தெரியும். கொப்பியில் இருக்கிறது.

கம்பெனியில் இருந்து ஒரு மேடம் வந்து, தோட்டத்துக்கு என்ன மாதிரி அமைப்பு என்று கேட்டாள். நான் கொப்பியை விரித்து அந்த வரைபடத்தைக் காட்டினேன். அளவுகளை மட்டும் கையால் மறைத்துக்கொண்டேன். இது வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் இருந்த பழைய அமைப்பு, கட்டம் கட்டமாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று இங்கிலீசில் சொன்னேன். கூசாமல் சொன்னேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு ரசனையுள்ள ஆளைத் தோட்ட வேலைக்கு வைத்திருக்கிறீர்களே என்று துரையிடம் சொன்னாளாம். துரை அதைப் பாராட்டு என்று என்னிடம் சொன்னார்.

பிறகு வேலை. நாற்று மேடை மண் புளிப்பு. டொலமைட் சுண்ணாம்பு போட்டு இரண்டு தரம் கொத்தினோம். ஒரு முழத்துக்குப் பழைய தேயிலை வேர். கோணலும் முறுக்குமாக, இழுத்தால் வராது, வெட்டினால் மழுங்கும். மாட்டெருவை மூன்று நாள் தலைச்சுமையாக இறக்கினோம். தை கடைசியில் உறைபனி விழுந்தது. நாற்றுகளுக்கு மேல் மானாப்புல்லைப் பரப்பி மூடி, விடிந்ததும் வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றினோம். முதலாம் இலக்கத்துக்கு மஞ்சள் பான்சி. இரண்டுக்கு ஊதா பெட்டூனியா. இப்படி இருபது. கட்டை இருந்த ஒவ்வொரு மூலையிலும் அலிசம் என்கிற வெள்ளைப் பொடிப்பூவை வட்டமாக நட்டேன். எல்லைக்கோடு வந்த இடங்களில் நடைபாதை. அளவில் ஓர் அங்குலம் பிசகவில்லை, மீனம்மா. ராசம்மாக்காவின் எட்டாம் இலக்கத்தில், குழாய்ப் பக்கத்து மூலையில், கருஞ்சிவப்பு சால்வியா.

பதினொன்றில் டாலியா. கிழங்கை எல்லாம் பார்த்துப் பார்த்து, முளைக்கண் உள்ளதாக நானே பொறுக்கினேன். நம் வாசற்படி வரும் இடத்தில் சிவப்பு, குசினிப் பக்கம் வெள்ளை.

வருடப்பிறப்பு அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மேல் ரோட்டில் கம்பிவேலி ஓரமாக நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ராசம்மாக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியது: "அடியே, அது நம்ம எடம்டி! அந்தா கொழாயி, அந்தா மூல! பூ மாஸ்டரு நம்ம கட்டைய எல்லாம் பூவா நட்டு வச்சிருக்காரு!" அப்புறம் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். "எங்களுது மஞ்சளு", "எங்களுது ஊதா" என்று பிள்ளைகள் குதித்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு லயம் பேசியது. எனக்கு இரண்டு பேர் முறுக்குக் கொடுத்தார்கள். கருகாத முறுக்கு.

நான் இதில் ஒரு கணக்கும் வைத்திருந்தேன். கம்பெனி இந்த ஒரு சீசனுக்குத்தான் சமதரையைக் கேட்டிருக்கிறது, பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள் என்று பழனியாண்டி சொன்னார். வைகாசி மழையோடு பூ எல்லாம் அழுகிப் போகும். மண் மறுபடியும் வெறுமண்ணாகும். கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும். அப்போது இருபது குடும்பமும் போய் நின்று கேட்கலாம்.

நாளைக்குப் போட்டிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

19.04.2025, சனிக்கிழமை

முதலாம் பரிசு. பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மலைநாட்டில் இப்படி ஓர் அமைப்பை இந்த வருடம் எங்கேயும் பார்க்கவில்லை என்று பாதை பாதையாக நடந்தார்கள். ஒருவர் குனிந்து, ஓர் அங்குலம்கூடப் பிசகாத வேலை என்றார். என் வாழ்க்கையில் என் வேலையை யாரோ ஒருவர் கவனித்துப் பார்த்தது அதுதான் முதல் தரம். மனம் குளிர்ந்தது என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்றுப் பரிசு கொடுத்து மாலை போட்டார்கள். யோகேஸ்வரனும் வந்தான். அவனுக்கு எதற்கு மாலை என்று என்னைக் கேட்காதே. துரைக்கும் கம்பெனி மேடத்துக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்தான். எங்கே நின்றான் தெரியுமா? பதினொன்றில், வெள்ளை டாலியாவுக்குப் பக்கத்தில். செருப்புக் காலோடு நம் குசினியில். "மாஸ்டர், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். கையில் மண் என்று சொல்லிவிட்டேன்.

போட்டோ முடிந்ததும் துரை என்னைக் கூப்பிட்டார். கம்பெனிக்கு மிகவும் திருப்தி, சமதரையைப் பத்து வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். அமைப்பில் ஒரு கோட்டைக்கூட மாற்றக்கூடாதாம். மழைக்குக் கரைந்துவிடாமல் பாதை ஓரம் எல்லாம் சிமெந்துக் கரை கட்டப் போகிறார்களாம், மே மாதமே. எனக்குத் தோட்டக் கங்காணி என்று பெயர் கொடுக்கிறார்களாம். "எல்லாம் ஒன்னோட கைராசி" என்று தோளில் தட்டினார்.

என் கைராசிதான், மீனம்மா. நான் ஏனோதானோ என்று நான்கு பாத்தி போட்டிருந்தால், பரிசும் வந்திருக்காது, கம்பெனியும் சீசனோடு போயிருக்கும். கோடு நேராக வரவேண்டும் என்று கயிறு கட்டிக் கட்டி நட்டேனே, படித்தவன் என்ற திமிர். கட்டையைப் பிடுங்கிய கையால்தான் அதை மறுபடியும் நட்டேன் என்று மூன்று நாள் மார்தட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டு தரமும் அவர்களுக்குத்தான் வேலை செய்திருக்கிறேன். வேலையை விட்டால் காம்பிரா போகும். வேலையில் இருந்தால் பத்து வருடம் என் வீட்டு வாசலில் நானே களை பிடுங்க வேண்டும்.

லயத்தில் போய்ச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ராசம்மாக்கா மட்டும், "சிமெந்துல கட்டட்டும் மாஸ்டரு. கட்டைன்னா புடுங்கிருவானுங்க. சிமெந்துன்னா அவனுங்களே நமக்கு அளந்து வச்சுட்டுப் போற மாதிரிதானே" என்றது. அந்த மனசு எனக்கு இல்லை. பிரேமினி உடனே கொப்பியை எடுத்து, இருபது குடும்பத்தின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டாள். அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். என் எழுத்தைவிட அவள் எழுத்து நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க இப்போதுதான் பழகுகிறேன்.

ஆகவே உனக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். அத்திவாரம் இல்லை. இந்த வருடம் வராது. அடுத்த வருடமும் வரும் என்று என்னால் எழுத முடியாது. இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால் நீ மே மாதம் வந்து இறங்கியிருப்பாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிரேமினிக்கும் தெரியும். பூரணி உன் கையில் இதைக் கொடுக்கும்போது உனக்கு முடிவு சொல்ல இன்னும் ஒரு கிழமைக்கு மேல், எட்டொன்பது நாள், இருக்கும். நீ கையெழுத்துப் போட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அது இரண்டாவது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை.

மற்றபடி வேலைச் செய்தி ஒன்றுதான். பெரிய மழை பிடிப்பதற்கு முன் டாலியாக் கிழங்குகளைத் தோண்டி எடுக்க வேண்டும். விட்டால் மண்ணிலேயே அழுகிவிடும். சிமெந்து வேலைக்கு முன் பதினோராம் பாத்தியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று துரையிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அது ஒருவர் செய்கிற வேலை இல்லை. ஒரு ஆள் கீழே முள்ளு மண்வெட்டியைக் கொடுத்துத் தூக்க வேண்டும், ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். தனியாகத் தூக்கினால் கிழங்கு கழுத்தோடு முறிந்துவிடும், பிறகு முளைக்காது. எட்டு ஆட்களில் யாரையும் அதற்கு நான் சொல்லவில்லை. மே இருபத்தைந்து வரைக்கும் தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் மழை என் பேச்சைக் கேட்காது.

வெயிலில் அலையாதே. தண்ணீர் குடி. மாரியம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன்,
நல்லமுத்து